63 நாள்

செப்டம்பர் 9, 2019
பாப்பாவுக்கு எஸ்.எம்.ஏ., தசையை இயக்கும் தண்டுவட நரம்பு செல்கள் அழிந்துபோகும் மரபு நோய். அதற்கான நுசினெர்சன் மருந்தின் முதல் ஊசி போட்டாயிற்று. தண்டுவட நீரில் 5 மில்லி எடுத்தார்கள், அதே 5 மில்லி மருந்தை உள்ளே விட்டார்கள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பாப்பாவின் விரல்கள் என் சுண்டுவிரல் மேல் கிடந்தன. பிடித்திருந்தாள் என்று சொல்ல முடியாது.

செப்டம்பர் 11
அம்மா கேட்கிறாள், "ஏட்டி, கையில போடக்கூடாதா? பச்சப்புள்ளைக்கு முதுகுலயா குத்துவாங்க?" ரத்தத்தில் விட்டால் தண்டுவடத்துக்குள் போக விடாத ஒரு காவல் இருக்கும்மா, ஈரலும் சிறுநீரகமும்தான் வாரிக்கொள்ளும் என்றேன். சரி என்று போய்விட்டாள். எனக்குத்தான் சரியாகவில்லை. முதுகு வரைக்கும் ஊசி கொண்டுபோய் விட்டுவிடும், அங்கிருந்து நரம்பு செல்லுக்குள் யார் கொண்டுபோவது?

செப்டம்பர் 12, அதிகாலை
ஆஸ்பிரினின் மூலக்கூறு எடை 180. நுசினெர்சனுக்கு 7,500. டி.என்.ஏ. மாதிரி எழுத்து எழுத்தாகக் கோத்த சங்கிலி அது, மொத்தம் 18 எழுத்து, நடுவில் 17 பாஸ்பேட் இணைப்பு, ஒவ்வொன்றிலும் ஓர் எதிர்மின்சுமை. செல்லைச் சுற்றியிருப்பதோ கொழுப்புப் படலம். எண்ணெயில் உப்பு கரையுமா? டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், தூங்கு என்கிறார் அவர். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு என்னால் இதை அப்படியே விட முடியவில்லை.

இரவெல்லாம் உட்கார்ந்து படித்ததில் பிடிபட்டது இது. சாதாரண டி.என்.ஏ. துண்டாக இருந்தால் உடம்பிலுள்ள நொதிகள் சீக்கிரமே நறுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு பாஸ்பேட்டிலும் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கந்தகத்தை வைத்திருக்கிறார்கள். எக்ஸ்டைன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1960களில் தொடங்கிய வேலை. நொதிக்குத் தப்ப உதவுகிற அந்தக் கந்தகம் இன்னொன்றும் செய்கிறது, புரதங்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. செல்லின் வெளிப்புறத்தில் புரதத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே ஒட்டிக்கொண்டால் செல் தன் படலத்தையே மடித்து, ஒரு பை மாதிரி ஆக்கி, மருந்தோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியானால் கொழுப்பைத் துளைக்கவே வேண்டாம்! செல்லே விழுங்கிக்கொள்கிறது.

செப்டம்பர் 13
ஆனால் பைக்குள்தானே இருக்கிறது? உள்ளே போயும் உள்ளே போகாத மாதிரி.

செப்டம்பர் 16
இருமல் இல்லை.

செப்டம்பர் 20
நாளை மறுநாளுக்குள் சிறுநீர் பிடித்து வைக்க வேண்டும், அதில் புரதம் போகிறதா என்று ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் பார்ப்பார்கள். ரத்தத் தட்டணுவும் பார்ப்பார்கள். நாப்பிக்குள் பஞ்சுப் பட்டை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து, கடைசியில் நனைந்தபோது ஊசியில்லாத சிரிஞ்சால் பஞ்சிலிருந்து உறிஞ்சினேன். மஞ்சளாகக் கொஞ்சம். இதற்கு முன் எதையும் இவ்வளவு கவனமாக அளந்ததில்லை, சோதனைக்கூடத்தில்கூட.

செப்டம்பர் 23
இரண்டாவது. அழுதாள். அழுகைச் சத்தம் போன தடவையைவிடப் பெரிதா? எனக்கு அப்படித்தான் கேட்டது.

செப்டம்பர் 29
பை பற்றி. உள்ளே இழுக்கப்பட்டதில் பெரும்பகுதி பைக்குள்ளேயே தங்கிவிடுமாம், மிகச் சிறு பங்குதான் கசிந்து வெளியே வரும். முதலில் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. அப்புறம் தோன்றியது, வெளியே வர அதற்கு நாள் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்திலும் உள்ள சர்க்கரையின் இரண்டாவது கார்பனில் மெத்தாக்ஸிஎத்தில் என்று ஒரு வாலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், நொதியின் வாய்க்கு அது அகப்படாது. கந்தகமும் அந்த வாலும் சேர்ந்து மாதக்கணக்கில் காப்பாற்றுகின்றன. அதனால்தான் நான்கு ஊசிக்குப் பிறகு நான்கு மாதத்துக்கு ஒன்று போதும் என்கிறார்கள். கசியட்டும். மெதுவாகக் கசியட்டும். எஸ்.எம்.என்.2 என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.யில் உரிய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, செல் வழக்கமாகத் தவறவிடுகிற ஏழாவது துண்டை விட்டுவிடாமல் சேர்க்க வைத்தால் போதும், நரம்பு செல்லுக்கு வேண்டிய புரதம் கிடைத்துவிடும்.

அக்டோபர் 2
2ஐ 17 தடவை பெருக்கினால் 1,31,072. ஒவ்வொரு கந்தகமும் தன் பாஸ்பரஸுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்கலாம், 17 இடம். அந்தச் சின்னக் குப்பியில் இத்தனை வடிவமும் கலந்து கிடக்கிறது. எது பாப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தது?

அக்டோபர் 7
மூன்றாவது. சரஸ்வதி பூஜை. திரும்பி வந்ததும் அம்மா ஆஸ்பத்திரி ஃபைலை வாங்கி, புத்தகங்களோடு அடுக்கிச் சந்தனம் வைத்துவிட்டாள். நாளை வரை எடுக்கக்கூடாதாம். எடுக்கவில்லை.

அக்டோபர் 19
பாஸ்பரஸ், கந்தகம் என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள், "அது ரெண்டும் தீப்பெட்டியில உள்ளதுல்லாட்டி?" ஆமாம். கோவில்பட்டியில் சின்ன வயதில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவள். குச்சியின் நுனியில் கந்தகம், உரசுகிற பக்கத்தில் பாஸ்பரஸ். குச்சித் தலைக்கு அங்கே மருந்து என்றுதான் பேர், முக்குவதை மருந்து முக்குவது என்பார்கள். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி, ஒட்டினால் எவ்வளவு என்று பழைய கணக்கெல்லாம் சொல்லிக்கொண்டே பாப்பாவின் முதுகைத் தடவினாள், ஊசி போட்ட இடத்தைத் தொடாமல்.

அக்டோபர் 27
தீபாவளி. குளிர்காலத்துக்காக இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய நாளும் இன்றுதான். ஒரே ஒரு கம்பி மத்தாப்பு. பாப்பா பார்த்துக்கொண்டே இருந்தாள், வெளிச்சத்தின் பின்னால் தலை திரும்பியது.

அக்டோபர் 28
தலை திரும்பியது என்று நேற்று எழுதியிருக்கிறேன். முன்பும் திரும்பும்தானே? பழைய வீடியோக்களைப் பார்க்கிறேன். மார்ச், மே, ஜூலை. திரும்புகிறது. ஆனால் இவ்வளவு தூரம் இல்லை. அவரிடம் காட்டினேன், இரண்டும் ஒன்றுதான் என்றார். இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

நவம்பர் 4
சளி. காய்ச்சல் 38.1 டிகிரி செல்சியஸ். சளி நீடித்தால் ஊசி தள்ளிப்போகும்.

நவம்பர் 6
37.4

நவம்பர் 10
தட்டணு சரி, சிறுநீர் சரி. நாளை நான்காவது. இன்று ஸ்பூனைக் கையில் கொடுத்தேன், அது தட்டில் விழவில்லை, மூன்று எண்ணும் வரை. நான்கு எண்ணுவதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

நவம்பர் 11
காலை 7.40. பஸ்ஸில் இருக்கிறோம். பாப்பா தூங்குகிறாள், கை என் சுண்டுவிரல் மேல்