ஹாட்லி என்ற பெயரின் ஊர்

பூரணம்பிள்ளை அதிபரின் காலத்தைப் பற்றியும், பேராசிரியர் எலியேசர், பேராசிரியர் துரைராஜா போன்ற எங்கள் பெரியவர்களைப் பற்றியும் அண்ணாமார் பலர் எங்கள் பழைய மாணவர் மலரில் ஏற்கனவே எழுதிவிட்டார்கள். நான் இலங்கையின் வடகரையில் உள்ள எங்கள் பாடசாலையான ஹாட்லிக் கல்லூரியின் பெயரைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஒவ்வொரு தவணையும் கொப்பிகளுக்கு மண்ணிறத் தாளில் உறை போட்டு, எங்கள் பெயரையும் வகுப்பையும் எழுதி, அதற்குக் கீழே "ஹாட்லிக் கல்லூரி, பருத்தித்துறை" என்று எழுதுவோம். கடற்காற்றின் ஈரத்தில் உறையின் விளிம்பு நமுத்துச் சுருண்டுவிடும். கழற்றிவிட்டு வேறு உறை போட்டு மறுபடியும் எழுதுவோம். வெளிச்சவீடு, துறைமுகம், ஓடக்கரை என்ற வரிசையில் ஹாட்லியும் எங்களுக்கு ஓர் ஊர்ப்பெயராகவே பழகியிருந்தது. அது ஓர் ஆங்கிலப் பாதிரியாரின் குடும்பப்பெயர் என்பது தெரியும். அந்தக் குடும்பப்பெயரும் முதலில் ஓர் ஊர்ப்பெயர்தான் என்பதை இங்கிலாந்தில் குடியேறிய பிறகே தேடிப் படித்து அறிந்துகொண்டேன்.

பழைய ஆங்கிலத்தில் 'ஹெயொரொட்' என்றால் கலைமான். 'லேயா' என்றால் காடு, அல்லது காட்டுக்குள் மரங்களை வெட்டித் திறந்த நிலம். இரண்டும் சேர்ந்து தேய்ந்ததுதான் ஹாட்லி, மான்கள் திரியும் காட்டுவெளி. கென்ட் மாவட்டத்தில் ஒரு ஹாட்லி உண்டு. ஹாம்ப்ஷயரில் ஹாட்லி வின்ட்னி என்று ஓர் ஊர் உண்டு. வடகோடியில், நோர்தம்பர்லாந்துக் கடற்கரையில் உள்ள ஹாட்லிக்கு மட்டும் வேர் கொஞ்சம் வேறு. அதன் பின்பாதி குன்றைக் குறிப்பதால் அது மான்குன்று. எங்கள் பக்கம் மரத்தை வைத்து நெல்லியடி என்றும் புளியடி என்றும் இடத்துக்குப் பெயர் வைத்த மாதிரி அந்த நாட்டு உழவர்கள் மானை வைத்து வைத்திருக்கிறார்கள்.

இதே 'லி' ஈறு அங்கே எத்தனையோ பெயர்களில் இருக்கிறது. ஆஷ்லியில் ஒரு மரம், ஸ்டான்லியில் கல், பிராட்லியில் அகன்ற வெளி. எனக்கு மிகவும் பிடித்தது வெஸ்லி. அது மேற்குக் காட்டுவெளி. மெதடிஸ்தக் கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் முன்னோர் அந்தப் பெயரை 'வெஸ்ட்லி' என்றே எழுதினார்கள். 1838இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தொடங்கியபோது எங்கள் பாடசாலை வெஸ்லியன் மிஷன் பாடசாலை. பிற்காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், அது ஹாட்லி ஆயிற்று. இங்கிலாந்தின் இரண்டு காட்டுவெளிகளின் பெயர்களை, ஒரு காடும் இல்லாத எங்கள் கடற்கரை அடுத்தடுத்துச் சுமந்திருக்கிறது!

சரி, ஊர்ப்பெயர் எப்படி ஆளின் பெயராயிற்று? 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் குடும்பப்பெயர் என்ற வழக்கம் அங்கே மெல்ல மெல்லப் பரவியது. முதலில் நிலமுள்ள பெரிய குடும்பங்கள், பிறகு மற்றவர்கள் என்று 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலானோருக்கு அது நிலைத்துவிட்டது. ஹாட்லியிலேயே இருக்கிற ஒருவனை யாரும் 'ஹாட்லிக்காரன்' என்று கூப்பிட மாட்டார்கள், அங்கே எல்லோரும் ஹாட்லிக்காரர்தானே. அவன் ஊரைவிட்டு வேறிடம் போய்க் குடியிருந்தால்தான் அயலவர் அந்த ஊரைச் சொல்லி அவனை அழைப்பார்கள். அது அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இடப்பெயரில் இருந்து வந்த குடும்பப்பெயர் பெரும்பாலும் புறப்பட்டுப் போனவர்களின் பெயர். இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு எதையும் வாசிக்க மனம் வரவில்லை. லண்டனில் புதிதாக ஒரு தமிழரைச் சந்தித்தால் "ஊரில எவடம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். பிறகு வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது கரவெட்டியார், தும்பளையார் என்கிறோம்.

சிமித், ஜோன்ஸ் போல நாடெங்கும் பரவிக் கிடக்கும் பெயர் அல்ல இது. லண்டனில் தேடித்தான் காண வேண்டும். வடக்கே போக வேண்டும். லங்காஷயருக்கும் யோர்க்‌ஷயருக்கும் இடையில் உள்ள பெனைன் மலைப் பள்ளத்தாக்குகள்தான் ஹாட்லிகளின் கோட்டை. கோல்ன், பேர்ன்லி, ஹாலிஃபாக்ஸ் என்று நெசவாலை நகரங்கள். அங்கே கல்லறைகளிலும் கடைப்பலகைகளிலும் இந்தப் பெயரை அடிக்கடி பார்க்கலாம். மெதடிஸ்த சமயம் ஆழமாக வேரூன்றியதும் அதே பள்ளத்தாக்குகளில்தான். அதனால் மெதடிஸ்தப் பெரியவர்களில் ஹாட்லிகள் இருந்ததில் வியப்பில்லை.

கோல்ன் நகரத்துக்கு நான் ஒருமுறை போனேன். பிரெஸ்டனில் இருந்து போகும் ரயில்பாதை அந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. நிலையத்தில் இருந்து மேட்டுத் தெருவில் ஏறிப் போனால் வாலஸ் ஹாட்லியின் மார்பளவுச் சிலை நிற்கிறது. 1912இல் டைட்டானிக் மூழ்கிக்கொண்டிருந்தபோது, பயணிகள் கலங்காமல் இருப்பதற்காகத் தொடர்ந்து வாசித்த எட்டு இசைக்காரரின் தலைவர் அவர். எட்டுப் பேரில் ஒருவரும் தப்பவில்லை. அவருடைய உடல் கடலில் கிடைத்து இந்த ஊருக்கு வந்தது. அந்தச் சிறு நகரத்தில் இறுதி ஊர்வலம் பார்க்க 30,000 பேருக்கு மேல் கூடினார்களாம். மலைச்சரிவில் இருக்கும் அவருடைய கல்லறையில் ஒரு வயலினைச் செதுக்கி, ஒரு கிறிஸ்தவப் பாடலின் முதல் சுரங்களையும் பொறித்திருக்கிறார்கள். அவருடைய வயலின் 2013இல் 9 லட்சம் பவுணுக்கு ஏலம் போனது. அந்தக் கல்லில் எங்கள் பாடசாலையின் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருப்பதைப் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

அதே கோல்னில் 1846இல் பிறந்தவர்தான் வில்லியம் பிக்கிள்ஸ் ஹாட்லி. இந்த நாட்டுக் கடைகளில் இன்றும் ஹாட்லி என்ற பெயரோடு ஜாம் போத்தல் இருக்கிறதே, அவருடையதுதான். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1871இல் ஜாம் தருவதாகச் சொன்ன ஒருவர் தராமல் விட, தானே காய்ச்சி விற்கத் தொடங்கினார். லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஆலை கட்டி, தொழிலாளருக்கு வீடுகள் கட்டி, தெருக்களுக்கு சீனி, செரி என்றெல்லாம் பெயர் வைத்தார். இலாபத்தில் தொழிலாளருக்கும் பங்கு கொடுத்தார்.

இவரைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இவரும் மெதடிஸ்தர். மான்செஸ்டரில் இவருடைய பணத்தில் வளர்ந்த இறையியல் கல்லூரிக்கு 1906இல் ஹாட்லி என்றே பெயர் வந்தது. ஆனால் எங்கள் ஹாட்லி இவர் அல்ல. எங்களுடையவர் மார்ஷல் ஹாட்லி பாதிரியார். வெஸ்லியன் மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்தவர், 1903இல் வெஸ்லியன் மெதடிஸ்த மாநாட்டின் தலைவர். ஜாம்காரர் 'பிரிமிட்டிவ் மெதடிஸ்ட்' என்ற வேறு பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவுகள் 1932இல்தான் ஒன்றாகின. பெயரைத் தேடுகிறவர்கள் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடக் கூடாது.

வேறு ஹாட்லிகளும் உண்டு. 1783இல் பாரிசில் அமெரிக்க சுதந்திரத்தை ஏற்கும் உடன்படிக்கையில் பிரித்தானியா சார்பில் கையெழுத்திட்டவர் டேவிட் ஹாட்லி. அவருடைய தந்தை, அதே பெயர் கொண்ட மெய்யியலாளர். அவர்மீது கொண்ட மதிப்பில் கவிஞர் கோல்ரிட்ஜ் 1796இல் பிறந்த தன் மகனுக்கு ஹாட்லி என்று பெயர் வைத்தார். குடும்பப்பெயர் அங்கே முதற்பெயராயிற்று. எங்களில் பொறியியல் படித்தவர்களுக்கு 'ஹாட்லி ஒசிலேற்றர்' என்ற, மின் அலைவுகளை உண்டாக்கும் சுற்று நினைவிருக்கும். அதை 1915இல் ஆக்கிய ரால்ஃப் ஹாட்லி ஓர் அமெரிக்கர். அவர் பெயரைத் தாங்கிய சுற்றுப்படத்தை ஹாட்லிப் பழைய மாணவர் வரைந்து புள்ளி வாங்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை.

இந்த ஹாட்லிகள் எல்லோருக்கும் சிலையோ கல்லோ நூலோ இருக்கிறது. எங்கள் மார்ஷல் ஹாட்லியைப் பற்றித் தமிழில் ஒரு முழுப்பக்கம்கூட நான் பார்த்ததில்லை. மெதடிஸ்த மிஷன் சங்கத்தின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் ரசல் சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள சோவாஸ் (கீழைத்தேய, ஆபிரிக்க ஆய்வுக் கல்லூரி) நூலகத்தில் இருக்கின்றன. இலங்கைப் பாடசாலைகள் பற்றிய தாள்களும் அதற்குள் உண்டு. அடுத்த மலருக்காக யாராவது தம்பிமார் அங்கே போய்த் தேடி, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தர வேண்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் மலர்க்குழுவிடம் சொல்லுங்கள், நான் வருகிறேன்.