பத்தாயிரத்தில் ஒன்று

பினாங்கு, பாயான் லெப்பாஸ் அலுவலகத்திலிருந்து கோலாலம்பூர் டேட்டா சென்டருக்கு 10 ஜிகாபிட் ஃபைபர் வந்தபோது, இனி கோப்புக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்று நானே ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சொன்னேன். மூன்றாம் மாதம் தரக்கட்டுப்பாட்டு அக்கா கூப்பிட்டார். "தம்பி, ராத்திரி ஷிப்டு முடியப்போகுது, கேஎல்லேருந்து படம் இன்னும் வந்து சேரல. பிள்ளைங்க ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்குங்க." அவர் கோபப்படவில்லை. அதுதான் உறுத்தியது.

வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் நிரலைப் போட்டுப் பார்த்தேன். இங்கிருந்து அங்கே 9 ஜிகாபிட்டுக்கு மேல் போகிறது. அங்கிருந்து இங்கே 180 மெகாபிட். அனுப்ப ஓர் இழை, வாங்க ஓர் இழை. ஒரு திசை மட்டும் படுத்துவிட்டால் முதலில் அந்த இழையைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் சர்வரைச் சந்தேகப்பட்டேன். காரணம் இருந்தது: ஒரே நேரத்தில் எட்டு இணைப்பு திறந்தால் வேகம் கிட்டத்தட்ட எட்டு மடங்காகிறது. அப்படியானால் டிசிபி (தரவைப் பாக்கெட்டுகளாக அனுப்பும் நெறிமுறை) விண்டோ, அதாவது பதில் வருவதற்குள் ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய அளவு, சிறியது என்று முடிவு கட்டினேன். போய்வர 8 மில்லிவினாடி, 10 ஜிகாபிட் வேகம். வழியில் எப்போதும் 10 மெகாபைட் இருக்க வேண்டும். அதற்கு இடம் தரும் பஃபர் நினைவகத்தை 16 மெகாபைட்டாக்கினேன். இரண்டு நாள் போனது. வேகம் அசையவில்லை. சேவை நிறுவனத்தார் தங்கள் பெட்டி வரை சோதித்து, எல்லாம் சுத்தம் என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான்.

பிங் என்ற சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்த்துவிட்டு, கோலாலம்பூர் அண்ணனைக் கேட்டேன்.

"பிங்ல ஒண்ணுகூட விழலண்ணே."

"எத்தனை அனுப்புன?"

"நூறு."

"நூறுல என்ன தெரியும்? போர்ட்டுல சிஆர்சி எர்ரர் கவுண்டரைப் பாரு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாரு."

வழியில் கெட்டுப்போய் வரும் பாக்கெட்டுகளை எண்ணும் கவுண்டர் அது. எண் ஏறிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் பத்தாயிரம் பாக்கெட்டுக்கு ஒன்று கெடுகிறது. பத்தாயிரத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்றுதான் டிசிபி எடுத்துக்கொள்ளும். உடனே வேகத்தைக் குறைத்து, பிறகு மெல்ல மெல்ல ஏறும். ஏறி முடிப்பதற்குள் அடுத்தது தொலையும். 1997இல் மேத்திஸும் உடன் ஆய்வாளர்களும் இழப்பிலிருந்து டிசிபி வேகத்தைக் கணிக்கத் தந்த சூத்திரத்தில் பாக்கெட்டுக்கு 1460 பைட், போய்வர 8 மில்லிவினாடி, இழப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 180 மெகாபிட். நான்கு நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்த அதே எண். எட்டு இணைப்பு ஏன் எட்டு மடங்கு தந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் அடிவாங்குகிறது.

போர்ட்டுக்கு வந்து சேரும் ஒளி மைனஸ் 16 டிபிஎம் (ஒளியின் திறனை அளக்கும் அலகு; 10 குறைந்தால் ஒளி பத்தில் ஒரு பங்காகும்). ஒளியை வாங்கும் அந்த வகை மாட்யூல் மைனஸ் 14.4 வரைக்கும்தான் உறுதி தரும். ஆனாலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

போர்ட்டில் செருகியிருந்த பேட்ச் கார்டு ஃபைபரைக் கழற்றி, முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் வைத்தேன். திரையில் சாம்பல் வட்டம், நடுவில் ஒளி போகும் சிறு புள்ளி. அசலில் அதன் அகலம் 9 மைக்ரான். தலைமுடியில் பல மடங்கு சிறியது. அதன்மேல் எண்ணெய்ப் படலம், வரிவரியாக. விரல் பட்ட தடம். முந்தைய வாரம் ஏர்கான் வேலைக்காக ரேக்கை நகர்த்தியபோது அந்த முனை மூடி இல்லாமல் ஒரு மதியம் முழுக்கத் தொங்கியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். மூடி போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

கிளீனரை வைத்து ஒரு 'க்ளிக்'. மறுபடி ஸ்கோப். இன்னொரு 'க்ளிக்'. போர்ட் பக்கத்தையும் துடைத்தேன். மாட்டியதும் மைனஸ் 6. அதுவரை பத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வந்திருக்கிறது. ஐபெர்ஃபில் 9.4 ஜிகாபிட்.

கவுண்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். விடியற்காலை ஆறரைக்குத் தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. அதுவரையும் பூஜ்யம்தான். அக்காவுக்கு அப்போதுதான் போன் செய்தேன்.