விதை செத்துப்போகவில்லை

கோண்டாவிலில் சின்னதாக ஒரு நாற்றுமேடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னம் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், காட்டில் நடுவதற்கு ஊசியிலை மரக்கன்று வளர்க்கும் இடத்தில் நாலு வருடம் வேலை செய்தேன். விதை உறக்கத்தை, அதாவது உயிர் இருந்தும் விதை முளைக்காமல் காத்திருப்பதை, மதிக்கப் பழகினது அங்கேதான்.

டக்ளஸ் பிர் என்ற ஊசியிலை மரத்தின் விதையை 24 மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, மேல்தோலை மட்டும் உலர்த்தி, பொலித்தீன் பையில் போட்டு, 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிரறையில் மூன்று கிழமை வைப்போம். வெள்ளைப் பைனுக்கு இரண்டு மாதத்துக்கு மேலே வேண்டும். இதில் கை பழகவேண்டிய இடம் அந்த உலர்த்தல்தான். அள்ளினால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரவேண்டும், உள்ளுக்குள் ஈரமும் நிற்கவேண்டும். தோல் மினுங்கினால் தண்ணீர் கூடிப்போச்சு என்று அர்த்தம். நான் ஒருமுறை அவசரப்பட்டு மினுங்கிய விதையையே கட்டிவிட்டேன், பத்து நாளில் பையைத் திறந்தால் புளிச்ச மணம், சாம்பல் பூஞ்சணம். அந்தப் பையை நினைத்தால் இன்றைக்கும் மனம் வருந்தும்.

ஏன் குளிர்? அங்கே இலையுதிர்காலத்தில் விழுகிற விதை உடனே முளைத்தால், வாற பனியில் குருத்து செத்துப்போகும். அதனால் விதைக்குள் இருக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் முளையை அடக்கிவைக்கிறது. ஈரத்தோடு குளிர் நீள, அந்தப் பிடி தளர்ந்து, முளைக்கத் தூண்டும் ஓமோனான ஜிபரெலினின் கை ஓங்கும். காய்ந்த விதையைக் குளிரில் வைத்தால் அது வெறும் சேமிப்பு, உறக்கம் கலையாது.

போன வருடம் உரும்பிராயிலிருந்து ஒரு அக்கா கொன்றை விதையோடு வந்தார். "தம்பி, ரெண்டு மாசம் பிறிட்ஜுக்குள்ள வச்சனான், ஒண்டும் முளைக்கேல்லை. செத்துப்போச்சுதோ?" பைன் விதைக்குச் சொன்னதை எங்கேயோ வாசித்துக் கொன்றைக்குச் செய்திருக்கிறார். கொன்றையின் பூட்டு வேறு, தண்ணீரே நுழையாத கட்டித்தோல். நகவெட்டியால் ஒரு விதையின் உருண்ட பக்கத்தில் துளியாக வெட்டி, உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திக் காட்டினேன் (கூர்ப்பக்கத்தில் முளை இருக்கும், அதைத் தொடக்கூடாது). பத்து விதையை அப்படி வெட்டித் தண்ணீரில் போட்டோம். விடிய ஒன்பது விதை இரண்டு மடங்காய் ஊதிக் கிடந்தன. வெட்டாத விதை போட்ட கோப்பையில் ஒன்றும் மாறவில்லை, கல்லுப்போலக் கிடந்தன.

வேம்பு இதற்கு நேர்மாறு. பழம் விழுந்தால் இரண்டொரு கிழமைக்குள் விதைக்கவேண்டும், பிந்தினால் உயிர் போய்விடும். காரைநகர்ச் சவுக்கைப் பைன் என்று நினைத்துக் குளிரூட்டக் கேட்பவர்களும் உண்டு. அது பூக்கும் மரம், குளிர் தேவையில்லை, அப்படியே தூவலாம்.

அக்காவின் பத்தில் எட்டு முளைத்தது. அடுத்த கிழமை மிச்ச விதையோடு வந்தார், கையில் சொந்த நகவெட்டி.