ஆறு கட்டையில் விழுந்த ‘டொக்’: பெரியப்பாவின் ஆர்மோனியத்தைச் சாம்பிள் செய்தது, நான்காம் மாதம்

நேற்று இரவு ஒன்றே முக்காலுக்கு விசைப்பலகையில் ‘ஆறு கட்டை’ என்கிற ஆறாவது வெள்ளைக் கட்டையை அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது, அந்த ‘டொக்’ வரவே இல்லை. கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன். நான்கு மாதமாக என்னைத் தூங்கவிடாத சத்தம் அது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சாம்பிள் வேலை (வாத்தியத்தைக் கட்டை கட்டையாகப் பதிந்து கணினியில் வாசிக்க வைப்பது) செய்கிறவர்களுக்கு மைக் எங்கே வைப்பது, லெவல் எவ்வளவு என்பதெல்லாம் சொல்லத் தேவையில்லை. 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், மோனோ. பெட்டிக்கு மேலே சாய்வாக ஒரு கண்டென்சர் மைக். எங்கள் வீடு திருகோணமலைத் திருக்கடலூரில், கடலுக்கு மிகக் கிட்ட. பகலில் பதிவு செய்யவே முடியாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னலை மூடினாலும் ஒரு ஊளைச் சத்தம் உள்ளே வரும். இரவு பன்னிரண்டு தாண்டினால் அமைதி, ஆனால் விடியுமுன் படகு எஞ்சின்கள் தொடங்கிவிடும். எனக்குக் கிடைப்பது நடுவில் மூன்று மணித்தியாலம்தான். ஃபானையும் நிறுத்த வேண்டும். அலுமாரியின் இரண்டு கதவையும் திறந்து மெத்தையைச் சாத்தி, அதற்கு நடுவில் பெட்டி. அடித்தள இரைச்சலை மொத்தமாக ஒரே அளவில் வெட்டாமல், ஒவ்வொரு கட்டைக்கும் அதன் அடிப்படை மீடிறனுக்கு (அதிர்வெண்ணுக்கு) கீழே கிடந்ததை மட்டும் வெட்டினேன். கடல் இரைச்சலில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது.

பெட்டி பெரியப்பாவுடையது. 42 கட்டை, இரண்டு வரிசை ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு), கலியாணத்துக்கு முந்திச் சென்னையில் வாங்கியது. ரீட் குஜராத்தின் பாலிதானாவில் செய்தது என்று எப்போதும் பெருமையாகச் சொல்வார். மார்கழி விடியற்காலைப் பஜனைக்கு இந்தப் பெட்டியின் சத்தத்தில்தான் எங்கள் ஒழுங்கை எழும்பும். அவருக்கு இப்போது தோள் வலி. துருத்தியை அதிக நேரம் இழுக்க முடியாது. அந்தச் சத்தம் அவரோடு நின்றுவிடக் கூடாது, அதனால்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

இலவசமாகக் கிடைக்கிற ஆர்மோனிய சாம்பிள்கள் நாலைந்தைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் எங்கள் பெட்டி இல்லை. ஒரு சாம்பிளை எடுத்து ஆறு ஏழு கட்டைக்கு இழுத்துப் பரப்பியிருந்தார்கள். மூன்று அரைச்சுரம் மேலே தூக்கினாலே வேகம் 19 சதவீதம் கூடிவிடும். ரீட் பேசத் தொடங்கும் நேரம் சுருங்குகிறது, பெட்டியின் மர ஒத்ததிர்வும் சேர்ந்து மேலே போகிறது. பெரிய பெட்டி சின்னப் பெட்டியாகிவிடும். அதனால் கட்டைக்கு ஒரு சாம்பிள், இழுப்பதே இல்லை என்று முதலிலேயே முடிவு.

மென்பொருள் தெரிவுக்கு ஒரு மாதம் போனது. முதலில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இருக்கும் ரீசாம்ப்ளோமேட்டிக். மேளம், தாளம் போன்ற குறுகிய ஒலிகளுக்கு அது கையோடு இருக்கும் நல்ல கருவி, ஆனால் 42 கட்டைக்கு 42 முறை அடுக்க எனக்குப் பொறுமை இல்லை. பிறகு ஸ்ஃபோர்ஸாண்டோ. அது வாசிக்கிற எஸ்எஃப்இசட் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் நோட்பேடில் எழுதிவிடலாம், அந்த எளிமை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். கொண்டாக்ட் பிளேயர் என்ற இன்னொரு சாம்ப்ளரைத் தவிர்த்ததற்குக் காரணம், உரிமம் பெறாத சொந்தத் தொகுப்புகள் அதில் 15 நிமிடம்தான் ஓடும். முழுப் பதிப்பை வாங்குகிற காசுக்கு நான் இன்னொரு மைக் வாங்குவேன். கடைசியில் டீசென்ட் சாம்ப்ளரில் நின்றேன். இலவசம், கோப்பைத் திறந்து கையால் திருத்தலாம், தம்பிமாருக்கு அப்படியே அனுப்பலாம், 8 ஜிபி நினைவகமுள்ள என் பழைய மடிக்கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது.

இனி அந்த ‘டொக்’.

ஆர்மோனியம் எவ்வளவு நேரமும் நீளும் வாத்தியம். எல்லாவற்றையும் நீளமாகப் பதிந்து வைத்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கலாம், எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி. 1963இல் வந்த மெலோட்ரான் என்ற விசைப்பலகை வாத்தியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு ஒலிநாடா இருந்தது, ஏறத்தாழ எட்டுச் செக்கனில் நாடா முடியும், விரலைத் தூக்கத்தான் வேண்டும். லூப் (பதிவின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது) என்ற தலையிடியே அவர்களுக்கு இல்லை. ஆனால் பஜனையில் சுருதிக்கு ஒரு கட்டையைப் பிடித்தால் பாட்டு முடியும்வரை விடமாட்டோம். லூப் இல்லாமல் ஆகாது.

முதலில் இரண்டு ரீட்டையும் சேர்த்தே பதிந்தேன். அழகான பதிவு. நடுவில் ஒரு செக்கனை எடுத்து லூப் போட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ‘டொக்’. அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டினேன், ‘டொக்’. நீளமாகக் குறுக்கு மங்கல் (துண்டின் முடிவு மங்கும்போதே தொடக்கம் எழும்படி கலப்பது) போட்டேன், ‘டொக்’ போய் ஒரு ‘வவ்’ வந்தது. அதைத் துரத்தியே இரண்டு மாதம் போனது.

பிறகுதான் ஒரு இரவு அலையைப் பெரிதாக்கி வைத்துவிட்டு அளந்து பார்த்தேன். எங்கள் பெட்டியில் கீழ் வரிசையும் மேல் வரிசையும் ஒரு ஸ்தாயி வித்தியாசம். ஆறு கட்டையில் கீழ் ரீட் 219.5 ஹேர்ட்ஸ். அதன் இரண்டாம் இசையம், அதாவது இரண்டு மடங்கு மீடிறன், 439.0. மேல் ரீட் 439.8. இரண்டுக்கும் 0.8 ஹேர்ட்ஸ் இடைவெளி. உயர்தரப் பௌதிகவியலில் அடிப்பு என்று படித்தது இதுதான். ஒலி 1.25 செக்கனுக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்குகிறது. பெட்டிக்கு உயிர் கொடுப்பதே அந்த அலைவு. நான் ஒரு செக்கனில் வெட்டினால், ஏறிக்கொண்டிருக்கும் அலைவைப் பாதியில் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுகிறேன். ‘டொக்’ வராமல் என்ன செய்யும்?

சரி, அலைவின் நீளத்துக்கே லூப் போடுவோம் என்று இறங்கினேன். வெறுமனே 1.25 போட்டால் போதாது, இரண்டு ரீட்டும் முழுச் சுற்றில் முடிய வேண்டும். கீழ் ரீட்டுக்கு 274 சுற்று, மேல் ரீட்டுக்கு 549 சுற்று: 1.248 செக்கனில் இரண்டும் கூடுகின்றன. போட்டேன். ஆறு கட்டை ஓரளவு அமைதியானது. ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் அலைவு வேறு. ‘ஐந்து கட்டை’க்கு இரண்டு செக்கன். கீழே ஒரு கட்டைக்கு ஐந்து செக்கன். ஐந்து செக்கன் போவதற்குள் உள்ளே காற்றுப்பையின் அழுத்தம் மாறி, அலைவின் வேகமே மாறிவிடுகிறது. தொடக்கமும் முடிவும் ஒட்டவே இல்லை.

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். மீடிறன் கணக்கையெல்லாம் அவர் கேட்கவில்லை. பெட்டியை இழுத்து, ஒரு ரீட் வரிசையின் குமிழைச் சாத்திவிட்டு அதே கட்டையை வாசித்தார். பிறகு மற்றதைச் சாத்திவிட்டு வாசித்தார். “தம்பி, சுருதி பாக்கேக்க நாங்கள் இப்பிடித்தான் ஒவ்வொண்டாக் கேப்பம். ரெண்டையும் ஒண்டாக் கேட்டா எது பிழை எண்டு எப்பிடித் தெரியும்?” என்றார்.

அங்கேயே விடை கிடைத்தது. இரண்டு வரிசையையும் தனித்தனியாகப் பதிந்தால் ஒவ்வொன்றிலும் அலைவே இல்லை. தனி ரீட் எங்கே வெட்டினாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். லூப் சுலபம். இரண்டு லூப்பையும் சாம்ப்ளருக்குள் ஒன்றாக ஓடவிட்டால் அலைவு தானாகப் பிறக்கும், அதை யாரும் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

முழுவதும் திரும்பப் பதிந்தேன். இதில் பெரியப்பா சொன்ன ஒரு முறை மிகவும் உதவியது: துருத்தியை மூன்று தரம் நன்றாக இழுத்து உள்பையை நிரப்பிவிட்டு, கையை எடுத்துவிட்டுக் கட்டையை அழுத்த வேண்டும். அதன்பின் வருவது உள்ளே இருக்கும் சுருள்வில்லின் அழுத்தம் மட்டும், அது கையைவிடச் சீரானது. ஒற்றை ரீட் என்பதால் காற்றும் மெதுவாகத்தான் செலவாகும். பன்னிரண்டு செக்கன் பதிந்து, தொடக்கத்தோடு சேர்த்து நல்ல நாலு செக்கனை வைத்துக்கொண்டேன். லூப் நீளம் ஒன்றரையிலிருந்து இரண்டரைச் செக்கனுக்குள். அதைவிடக் குறைந்தால் செத்த மின்னோர்கன் போலக் கேட்கிறது, கூடினால் அழுத்தம் இறங்குவது தெரிகிறது.

குறுக்கு மங்கலில் ஒரு விடயம். டீசென்ட் சாம்ப்ளரில் அதற்கு இரண்டு வகை உண்டு, சம சக்தி, நேர்கோடு. நான் சம சக்தியிலேயே விட்டிருந்தேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒலிகளுக்கு அது சரி. ஒற்றை ரீட்டில் வெட்டிய இரண்டு பக்கமும் ஒரே அலை, ஒரே கட்டம் (ஏறுவதும் இறங்குவதும் ஒன்றாக). அங்கே சம சக்தி போட்டால் நடுவில் 3 டெசிபெல் வரை வீங்கும். எனக்கு முன்பு வந்த ‘வவ்’வில் பாதி இதுதான். நேர்கோட்டுக்கு மாற்றியதும் வீக்கம் போனது. இதை யாராவது எனக்கு முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ இரவுகள் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் அப்போதும் ஒரு குறை. உண்மைப் பெட்டியில் அலைவு 0.8 ஹேர்ட்ஸ், என்னுடையதில் 1.1. தனியாகப் பாடும் ரீட்டுக்குக் கிடைக்கும் காற்றும் இரண்டும் பகிரும்போது கிடைக்கும் காற்றும் ஒன்றல்ல, அதனால் சுருதி மயிரிழை விலகுகிறது. மேல் வரிசையை 0.3 ஹேர்ட்ஸ் இறக்க வேண்டும். அது ஒரு சென்ட்டுக்கு (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) சற்று மேல், கோப்பில் 0.012 அரைச்சுரம் என்று எழுத வேண்டும். அவ்வளவு சின்ன எண். மாற்றியதும் பெரியப்பாவின் பெட்டி அறைக்குள் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் இப்படி அளந்து, எழுதி, கேட்டுப் பார்க்கிறேன். ஒரு கட்டைக்கு இருபது நிமிடமாவது போகும்.

இன்னொன்று: ஒவ்வொரு அழுத்தலிலும் அலைவு அதே இடத்திலிருந்து தொடங்கினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் கீழ் வரிசைக்கு மூன்று பதிவு, மேல் வரிசைக்கு இரண்டு, இரண்டும் தனித்தனியே சுழற்சி. மூன்றும் இரண்டும் சேர்ந்து ஆறு வெவ்வேறு சேர்க்கை வந்த பிறகுதான் முதல் சேர்க்கை திரும்பும். கட்டைக்கு ஐந்து பதிவு, 42 கட்டைக்கு 210. நாலு செக்கன் கணக்கில் மொத்தம் 121 மெகாபைட். என் கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. விரலைத் தூக்கும்போது கட்டை விழுகிற மரச்சத்தத்தையும் தனிக் குழுவாகச் சேர்த்துவிட்டேன், விடும்போது மட்டும் ஒலிக்கும். அது இல்லாமல் வாசித்தபோது தங்கச்சி உடனே “இது கீபோர்ட்” என்று சொல்லிவிட்டாள்.

கேபிள் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு கடையிலிருந்து எடுப்பித்த மைக் கேபிள் இரண்டாம் வாரமே இரையத் தொடங்கியது. திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். ஒரு இரவுப் பதிவு முழுக்க வீண், எனக்குச் சரியான கோபம். இங்கே டவுனில் ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர் முனையைத் திறந்து காட்டினார், கவசக் கம்பி பற்றாசில் ஒட்டவே இல்லை. பத்து நிமிடத்தில் புது முனை போட்டுத் தந்தார். இனிமேல் கேபிளை நானே பற்றாசு வைப்பதாக இருக்கிறேன், நல்ல கம்பி மீட்டர் கணக்கில் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்ததாகச் சேமக்கலத்தையும் (சேகண்டி) சங்கையும் பதிய ஆசை. சேமக்கலத்துக்கு லூப்பே வேண்டாம், அடித்துவிட்டு அடங்கும்வரை விட்டால் போதும், ஆனால் அந்த நீள அடக்கத்துக்கு எங்கள் வீட்டைவிட அமைதியான இடம் தேவை. தம்பலகாமத்தில் மாமா வீட்டில் வயல் பக்க அறை ஒன்று இருக்கிறது. தவளைகள் தொடங்குமுன் போக வேண்டும்.

அதற்குமுன் இது முடியட்டும். இதுவரை 27 கட்டை சரி. மேலே பன்னிரண்டுக்கு லூப் போட்டாயிற்று, சுருதி அளப்பது பாக்கி. கீழே கடைசி மூன்றும் மடங்கவே இல்லை: ரீட் பெரிது, பேசத் தொடங்கவே நேரமெடுக்கிறது, நிலைக்கு வருவதற்குள் உள்பைக் காற்று பாதி போய்விடுகிறது. அந்த மூன்றுக்கும் நான் கட்டையைப் பிடிக்க, பெரியப்பா வலி இல்லாத கையால் துருத்தியை மெல்ல இழுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயில் பூசை முடிந்து வருவார். வாடை தொடங்கி மழை கூரையில் விழுமுன் எடுத்துவிட வேண்டும், எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை.