மேலே தள்ளிப் பழகிய கட்டைவிரல்

2012இல் அமெரிக்கத் தரைப்படையில் எனக்கு இடம் வாங்கித் தந்தது தமிழ். ராணுவத்துக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் நம் மொழியும் இருந்ததால், குடியுரிமை இல்லாமல் விசாவில் இருந்த என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மொழிக்காக எடுத்தவனிடம் கொடுத்ததோ எம்-240 இயந்திரத் துப்பாக்கி. அதைச் சுமப்பவனுக்குத் துணையாக இடுப்பில் ஒரு பெரெட்டா எம்-9 கைத்துப்பாக்கி. ஐந்து ஆண்டுகள் அதோடுதான் போயின.

2017 நவம்பர் கடைசியில் புதிய கைத்துப்பாக்கி வந்தது. சிக் சாவர் நிறுவனத்தின் எம்-17. அந்த ஜனவரியில்தான் 58 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. முதலில் கிடைத்தது ஃபோர்ட் கேம்பலில் இருக்கும் எங்கள் 101ஆவது வான்வழிப் பிரிவுக்கு. 1985இல் தேர்வான எம்-9 என்னைவிட இரண்டு வயது மூத்தது. அது ஓய்வு பெற்றதில் எனக்கு வருத்தமில்லை. இந்த முறை சிறு குழுத் தலைவர்களுக்கும் கைத்துப்பாக்கி என்றார்கள். நான் அதற்குள் சார்ஜென்ட் ஆகி நால்வர் குழுவொன்றை நடத்திக்கொண்டிருந்தேன்.

ஆயுதக் கிடங்கில் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புதியது எழுதினார்கள். எண்ணைச் சரிபார்க்கச் சொன்னபோது துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிடியில் சிறு ஜன்னல்போல வெட்டியிருந்தார்கள். அதன் வழியே உள்ளே இருக்கும் உலோகச் சட்டகத்தில் எண் தெரிந்தது. சட்டவிதிப்படி அந்தச் சட்டகம்தான் துப்பாக்கி. வெளியே இருக்கும் பிடி வெறும் உறை, கழற்றி மாற்றலாம். என் கை சிறியது. எம்-9இன் பருத்த பிடியில் முதல் குண்டுக்கு விசையை எட்டவே விரல் திண்டாடும். அந்த முதல் இழுப்பு நீளம், கனம். புதியதில் எல்லா இழுப்பும் ஒரே மாதிரி. சிறிய பிடியைப் பொருத்தித் தந்தார்கள். ராணுவம் என் கை அளவைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

சிக்கல் சுடுதளத்தில் தொடங்கியது. எம்-9இல் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் நெம்பு, ஸ்லைடின் மேல் இருக்கும்; ஸ்லைடு என்பது சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பகுதி. சுட வேண்டுமானால் கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். எம்-17இல் அது கீழே, சட்டகத்தோடு; சுடுவதற்குக் கீழே அழுத்த வேண்டும். ஊதல் கேட்டதும் உருவினேன். கட்டைவிரல் தன் பாட்டுக்கு மேலே போனது. விசை இறுகி நின்றது. பக்கத்துத் தடத்தில் இருந்தவர்கள் இரண்டு குண்டுகள் சுட்டுவிட்டார்கள்.

அதைச் சரிசெய்ததும் அடுத்தது. பதினேழு குண்டுகளும் தீர்ந்தால் ஸ்லைடு பின்னால் நின்றுவிட வேண்டும். பார்த்தவுடன் மேகசினை, குண்டுகள் இருக்கும் பெட்டியை, மாற்றலாம். என்னுடையது நிற்கவில்லை. விசையை இழுத்தால் ‘டிக்’. மேகசின் பழுது என்று கை தூக்கினேன். பயிற்சியாளர் அருகில் வந்தார். துப்பாக்கியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

“கட்டைவிரலை எங்கே வைத்திருக்கிறீர்கள், சார்ஜென்ட்?”

உயரப் பிடித்த பிடியில் அது, ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் நெம்பின் மேலேயே சாய்ந்து, அதை எழவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அடுத்த ஜனவரியில் வெளியான பென்டகன் சோதனை அறிக்கையிலும், பதிவான தடங்கல்களில் பெரும்பங்கு இப்படித்தான் என்று இருந்தது. படித்ததும் அற்பமான ஒரு திருப்தி.

ஆயுதத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஆனால் கட்டைவிரல் என்னோடுதான் வந்தாக வேண்டும். டி.வி. ரிமோட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினேன், விரலை நகர்த்தி வைத்தேன், மறுபடி அழுத்தினேன். ஒரு காலை தோசைத் திருப்பியைப் பிடித்துக்கொண்டும் இதையே செய்திருக்கிறேன். தோசை கருகியபிறகுதான் தெரிந்தது. “யாரைச் சுடப் போகிறீர்கள்?” என்று மனைவி கேட்டாள். சட்னியைத்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

தகுதிச் சுடுதலில் முப்பது இலக்குகளில் இருபத்து நான்கு. தவறியவற்றில் நான்கு சுத்தமாக என் கண்ணின் குற்றம். மற்ற இரண்டும் மேகசின் மாற்றும் நேரத்தில் போயின; ஸ்லைடு மூடியிருப்பதைப் பார்த்து, இன்னும் குண்டு இருக்கிறது என்று நம்பி இழுத்தவை. பயிற்சியாளர் தாளில் எண்ணை எழுதிக்கொண்டே தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாராட்டா, கிண்டலா என்று நான் கேட்கவில்லை.