முதலில் ஊகிக்கட்டும்: விஞ்ஞானம் படிப்பிக்க நான் நாடும் இணைய வளங்கள்

கொழும்பில் தமிழ்மொழி மூல வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது, பிள்ளை இணையத்தில் விஞ்ஞானம் படிக்க நல்ல தளம் எது என்பதுதான். தளங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை பாடநூலில் உள்ளதையே வண்ணப் படங்களோடு திரும்பச் சொல்பவை. பிள்ளை பார்த்து முடித்துவிட்டு, எல்லாம் விளங்கிவிட்டது என்ற திருப்தியோடு எழுந்து போய்விடும். ஒரு வளத்தைத் தெரிவுசெய்யும்போது நான் பார்ப்பது ஒன்றையே: விளக்கம் தொடங்குவதற்கு முன், "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று பிள்ளையிடம் கேட்க அது இடம் தருகிறதா?

அதற்கும் முன்னதாகப் பாடத்திட்டம் கையில் இருக்க வேண்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் மும்மொழிகளிலும் தரவிறக்கக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பயிற்சிகளும் வினாத்தாள்களும் உள்ளன. இவை பலருக்கும் தெரிந்தவை. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டிகளைத்தான் பெற்றோர் எவரும் திறந்து பார்ப்பதில்லை. ஆசிரியருக்கென எழுதப்பட்டவை என்பதால் தமக்கு வேண்டாதவை என எண்ணுகிறார்கள் போலும். ஓர் அலகில் பிள்ளை எந்த ஆழம் வரை அறிந்திருக்க வேண்டும், எந்தச் செயற்பாட்டைச் செய்து பார்க்க வேண்டும் என்பது அங்கேதான் தெளிவாக இருக்கிறது. வீட்டில் வைத்துப் படிப்பிப்பவருக்குப் பாடநூலைவிட அதுவே பயன் தரும்.

இனி என் கேள்விக்கு நன்றாக ஈடுகொடுக்கும் வளத்துக்கு வருகிறேன். 2001 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், 2002 இல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடக்கிவைத்த ஃபெட் திட்டத்தின் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் பரிசோதனைகள், இலவசமானவை. பலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. அவற்றுள் மின்சுற்று அமைக்கும் கருவியை நான் மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறேன். ஒரு மின்கலம், தொடராக இரண்டு மின்குமிழ்கள், இவ்வளவுதான். முதல் குமிழைக் கடந்த பின் மின்னோட்டம் குறையுமா, கூடுமா, மாறாதிருக்குமா எனக் கேட்டால், "குறையும், முதல் குமிழ் கொஞ்சத்தை எடுத்துவிடும்" என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே சொல்வார்கள். அதைக் கொப்பியில் எழுதச் சொல்லிவிட்டு, அம்பியர்மானியை முதல் குமிழுக்கு முன்னும் இரு குமிழ்களுக்கு இடையிலும் கடைசியிலும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். மூன்று இடங்களிலும் ஒரே வாசிப்பு. தான் எழுதிய விடையோடு அந்த வாசிப்பு முரண்படுவதைக் கண்ட பிள்ளை, அதன் பிறகு கேட்கும் விளக்கத்தை மறப்பதில்லை.

இந்தச் சிமுலேஷனுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையே இன்னொரு பாடமாகிறது. அதிலுள்ள மின்கலத்தின் உள்ளகத் தடை (மின்னோட்டத்துக்குக் கலமே தரும் தடை), நாம் மாற்றாத வரை பூச்சியமாகவே இருக்கும். ஆகவே சமாந்தரமாக எத்தனை குமிழ்களைச் சேர்த்தாலும் ஒளி சற்றும் மங்காது. கடையில் வாங்கிய உலர்மின்கலத்தோடு அதையே செய்தால், அதுவும் கொஞ்சம் பழைய கலமாக இருந்தால், குமிழ்கள் சேரச் சேர ஒளி மங்குவதைக் கண்ணால் காணலாம். "கணினி பொய் சொல்கிறதா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பொய் இல்லை, கலத்தின் தடையைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சொல்லி, அந்தத் தடையைக் கூட்டும் இடத்தைத் திரையில் காட்டினேன். ஆசிரியர்கள் சிமுலேஷனோடு நின்றுவிடாமல் இரண்டு குமிழ்களையும் ஒரு கலத்தையும் மேசையில் வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும்படி இந்தச் சிமுலேஷன்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். 2022 இன் மின்வெட்டுக் காலத்தைக் கடந்து வந்த எங்களுக்கு அது சிறிய வசதியல்ல.

கையடக்கத் தொலைபேசியையே ஆய்வுகூடமாக்கும் ஃபைபாக்ஸ் என்ற செயலியை ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதுவும் இலவசம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளில் வாழும் பிள்ளைகளுக்கு அதற்கான உபகரணம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது: லிப்ட். தொலைபேசியை லிப்டின் தரையில் வைத்துவிட்டு மேலே போனால், ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) வரைபு எப்படி இருக்கும்? ஏறும் நேரம் முழுவதும் வரைபு மேலேயே நிற்கும் என்பதே வழக்கமான ஊகம். உண்மையில் புறப்படும்போது மேல்நோக்கி ஒரு மேடு, நடுவில் ஏறத்தாழப் பூச்சியம், நிற்கும்போது கீழ்நோக்கி ஒரு பள்ளம் என வரைபு அமையும். சீரான வேகத்தில் ஆர்முடுகல் இல்லை என்பதை இதைவிட எளிதாக உணர்த்த எனக்குத் தெரியாது. தொலைபேசியில் அமுக்கமானியும் இருந்தால் (எல்லாவற்றிலும் இராது) 30 மீற்றர் ஏறும்போது வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 340 பஸ்கால் குறைவதையும் காணலாம். அதிலிருந்து ஒரு மாடியின் உயரத்தைக் கணிக்கலாம். காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

வெளிநாட்டு வளங்களில் நான் மிகுந்த எச்சரிக்கையோடு கையாள்பவை வானியல், பருவகாலம் பற்றியவை. அவை பெரும்பாலும் 40, 50 பாகை அகலக்கோட்டில் வாழும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று அவை சொல்லும்; ஏறத்தாழ 7 பாகை வடக்கே உள்ள கொழும்பில் அது பொருந்தாது. ஏப்ரல் 7ஆம் திகதியை ஒட்டியும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கேயும், ஏனைய மாதங்களில் வடக்கேயும் விழும். ஒரு மீற்றர் நீளக் குச்சியை நிலைக்குத்தாக நட்டால், யூன் இறுதியில் தெற்கே 30 சென்ரிமீற்றர் அளவிலும் திசெம்பர் இறுதியில் வடக்கே 59 சென்ரிமீற்றர் அளவிலும் நண்பகல் நிழல் கிடைக்கும். கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, ஏப்ரலில் 12.12 மணியளவில் அளக்க வேண்டும். நமது நியம நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது, கொழும்போ 80 பாகைக்குச் சற்று மேற்கே இருக்கிறது; அதனால் சூரியன் இங்கே சற்றுப் பிந்தியே உச்சத்தை அடைகிறது. வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லாரியம் என்ற இலவச மென்பொருளில் இடத்தைக் கொழும்பு எனக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மாதமும் நண்பகற் சூரியன் எங்கே நிற்கும் என்று பிள்ளை முதலில் ஊகித்து, பின்னர் திரையில் சரிபார்த்து, அதன்பின் முற்றத்துக்கோ மொட்டை மாடிக்கோ போகலாம்.

தமிழில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பாடநூல் ஒட்சிசன், ஆர்முடுகல், அமுக்கம், மூலகம் என்று சொல்வதைத் தமிழ்நாட்டுப் பக்கங்கள் ஆக்சிஜன், முடுக்கம், அழுத்தம், தனிமம் என்கின்றன. இரண்டையும் இட்டுத் தேடினால் கிடைப்பவை பன்மடங்காகும். ஆனால் பரீட்சைத் தாளில் எழுத வேண்டியது எது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் நம் நாட்டுப் பழைய தமிழ் விஞ்ஞான நூல்களையும் சஞ்சிகைகளையும் வாசிக்கலாம்.

பழைய பக்கங்களை இனங்காண எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆவர்த்தன அட்டவணையில் 113, 115, 117, 118 ஆம் மூலகங்களுக்கு முறையான பெயர் இல்லையென்றால் அந்தப் பக்கம், அவற்றுக்குப் பெயர் சூட்டப்பட்ட 2016 இன் பின் திருத்தப்படவில்லை. கிலோகிராம் என்பது பாரிசுக்கு அருகே வைக்கப்பட்டுள்ள ஓர் உலோக உருளையின் திணிவு என்று இன்னும் சொல்லும் பக்கம், அந்த வரைவிலக்கணம் மாற்றப்பட்ட 2019 ஐக் கடக்கவில்லை.

பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கும் குடும்பங்கள் கொழும்பில் குறைவு. எனக்குத் தெரிந்த அளவில் அவர்களுடைய பிள்ளைகள் பெரும்பாலும் இலண்டன் பரீட்சைகள் என நாம் சொல்லும் பிரித்தானியப் பரீட்சைகளுக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்றுபவர்கள். அவற்றுள் ஒன்றான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ பரீட்சையின் விஞ்ஞானப் பாடங்களில் செய்முறைப் பரீட்சைக்குப் பதிலாக எழுத்து வினாத்தாள் ஒன்றைத் தெரிவுசெய்யலாம் என்பதால், செய்முறையே தேவையில்லை எனச் சில பெற்றோர் முடிவுசெய்துவிடுகிறார்கள். அந்த வினாத்தாள் கேட்பதோ, அளவுச்சாடியை வாசித்தல், பரிசோதனை ஒன்றைத் திட்டமிடுதல், வழு எங்கே நேர்ந்தது எனக் கண்டுபிடித்தல் ஆகியவற்றை. செய்து பழகாத பிள்ளைக்கு அது சிரமம். இந்தியாவின் அரவிந்த் குப்தா, வீசி எறியும் பொருள்களால் செய்துகாட்டும் விஞ்ஞான விளையாட்டுப் பொருள்களின் காணொளிகள் தமிழிலும் கிடைக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரட்டோரியம் அருங்காட்சியகம் தன் தளத்தில் எளிய பரிசோதனைகளைத் தருகிறது. இரசாயனவியலுக்குப் பிரித்தானிய றோயல் இரசாயனவியற் சங்கத்தின் கல்விப் பக்கங்களை நம்பலாம். எந்தப் பதார்த்தம் எவ்வளவு ஆபத்தானது, கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டுமா என்பன அங்கே பரிசோதனையோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். பொற்றாசியம் பரமங்கனேற்றில் கிளிசரினை ஊற்றித் தீ வரவைக்கும் காணொளிகளில் அப்படி ஒரு வரிகூட இருப்பதில்லை. அத்தகைய காணொளியை, அதைப் பதிவேற்றியவர் எவ்வளவு பிரபலமானவராக இருந்தாலும், நான் பிள்ளைகளுக்கு அனுப்புவதில்லை.