நான்கரை சென்டிமீட்டர்: ஒரு ரோடு சைக்கிள் வாங்கிய கணக்கு

ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம்

42 வயதில் நீச்சல் கற்றுக்கொண்டதில் வந்த வினை இது. குளத்தில் நிற்காமல் இருபது நீளம் போய்வந்த அன்று, பக்கத்தில் நீந்தும் நண்பர் "இனி டிரையத்லான்தான்" என்று முடிவு கட்டிவிட்டார். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரிண்ட் எனப்படும் சிறிய பந்தயத்தின் அளவு இவ்வளவுதான். நீந்துவதும் ஓடுவதும் எப்படியோ ஆகிவிடும். என்னிடம் இருந்த சைக்கிளோ, மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிற, கூடை வைத்த சைக்கிள்.

வீட்டில் பேசி முடித்த தொகை 65,000 ரூபாய். "சைக்கிளுக்கா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். மாதம் ஒரு முறையாவது திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை போய்வர வேண்டும், இறங்கும்போது இடுப்பு என்னுடையதாகவே இருக்க வேண்டும். என் நிபந்தனைகள் இரண்டுதான்.

ஜனவரி கடைசி

நண்பர் தம்முடைய டிரையத்லான் சைக்கிளைக் கால் மணி நேரம் ஓட்டத் தந்தார். முழங்கைகளைத் திண்டில் ஊன்றி, மூக்கை முன்சக்கரத்துக்கு நேராக நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற வண்டி. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் வைத்த சாதாரண ரோடு சைக்கிளில் சீட்டைத் தாங்கும் குழாய் ஏறத்தாழ 73 பாகை சாய்வில் இருக்கும். இதில் 76, 78 என்று நிமிர்ந்து நிற்கிறது. அதனால் உடம்பு பெடலுக்கு மேலேயே வந்து, எதிர்காற்றிலிருந்து ஒளிந்துகொள்கிறது. வேகம் உண்மையிலேயே வேறு ரகம்.

ஆனால் படுத்த நிலையில் பிரேக் கைக்கெட்டாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாய் குறுக்கே வரும், பஸ் திடீரென இடது பக்கம் ஒடிக்கும், மணல் படிந்திருக்கும். இரண்டு முறை கையை எடுத்துப் பிரேக்கைத் தேடினேன். இரண்டாம் முறை தேடியபோது குலதெய்வம் நினைவுக்கு வந்தது. பந்தயத்துக்கென்றே தனி வண்டி வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். ஒரே சைக்கிள் வைத்திருக்கப் போகிறவனுக்கு ரோடு சைக்கிள்தான் என்று அன்றே தீர்மானித்தேன்.

பிப்ரவரி

இங்கேதான் சறுக்கினேன். பழைய கார்பன் ரேஸ் சைக்கிள் ஒன்று 48,000 ரூபாய்க்கு வந்தது. ஷிமானோ 105 கியர். ஷிமானோவின் ரோடு கியர்களைக் கீழிருந்து மேலாகச் சொன்னால் கிளாரிஸ், சோரா, தியாக்ரா, 105, அல்டெக்ரா, டியூரா ஏஸ். நடுவில் நிற்கும் 105 இந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று மனம் குதித்தது. ஒரு விரலால் தூக்க முடிந்தது. பிரேம் அளவு 56. என் உயரமோ 168 சென்டிமீட்டர்; அதற்கு இது பெரியது. "சீட்டை இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும்" என்றார் விற்றவர். எனக்கும் அதை நம்பவேண்டும் என்றிருந்தது.

மார்ச்

முட்டுக்காடு போய்வந்தேன், நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டும்போதே கழுத்தில் இறுக்கம். திரும்பும்போது சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய், வீட்டுச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்கினால் அந்த இரண்டு விரல்கள்தான் முதலில் மரக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஹேண்டில் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளினேன். அடுத்த வாரம் முழங்காலின் முன்பக்கம் வலித்தது. சீட்டின் இடத்தைக் கால்தான் தீர்மானிக்க வேண்டும். கைக்கு எட்டவில்லை என்பதற்காக அதை நகர்த்தக் கூடாது. இந்த ஒரு வரியைக் கற்க எனக்கு மூன்று வாரமும் ஒரு புட்டித் தைலமும் செலவாயின.

ஏப்ரல்

சைக்கிளை 40,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன், 8,000 நஷ்டம். வாங்கியவர் ஆறடி உயரம்; ஏறி உட்கார்ந்ததும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

இம்முறை கடைக்குப் போகுமுன் டேப்போடு உட்கார்ந்தேன். சுவரில் முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் 80 சென்டிமீட்டர். இதை 0.883 ஆல் பெருக்கினால் 70.6. பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய உயரம் அது. பழைய சூத்திரம், தொடக்கத்துக்குப் போதும். பிறகு முழங்கால் சொல்கிறபடி சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்கள். அந்த நடு அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு மேலே என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் என்பது ரீச். விற்ற சைக்கிளுக்கு 565, 395 மில்லிமீட்டர். நான் பார்த்துவைத்திருந்த, நெடுந்தூரம் சொகுசாக ஓட்டுவதற்கான எண்டியூரன்ஸ் வகை 52 அளவுக்கு 555, 371. உயரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் வேறுபாடு. நீளத்தில் 24 மில்லிமீட்டர். முதலெண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: ரேஸ் வண்டிக்கு 1.43, மற்றதற்கு 1.5 அருகில். ஒன்றரையை நெருங்க நெருங்க முதுகு நிமிரும். விளம்பரத்தில் சொகுசு என்று போட்டிருப்பதை நம்புவதைவிட இந்த வகுத்தலை நம்பலாம்.

மே

மூன்று கடைகள். முதல் கடையில் 54 மட்டும் இருந்தது, "சீட்டை இறக்கிக்கொள்ளலாம் சார்" என்ற அதே பல்லவி. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் கடைக்காரர், "அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள், அடையாள அட்டையை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். வியாபாரம் அங்கேயே முடிந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் எல்லாச் சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். கழுத்து உண்மையைச் சொல்ல இருபது நிமிடமாவது ஆகும்.

அலுமினியப் பிரேம், முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க், கம்பியில் இயங்கும் டிஸ்க் பிரேக், ஒன்பது பல்சக்கரச் சோரா கியர், 51,000 ரூபாய். முன்னால் 50, 34 பற்கள், பின்னால் 11 முதல் 32 வரை. சென்னையில் மேம்பாலம்தான் மலை, ஆகவே இது தாராளம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒருநாள் ஏறவேண்டும் என்ற ஆசைக்காகச் ஏற்றத்துக்கு உதவும் சின்ன 34ஐ விட்டுக்கொடுக்கவில்லை. எடை பத்து கிலோவுக்கு மேல். தூக்கிப் பார்த்த நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் விமர்சனம்.

ஜூன்

கையும் உட்காரும் இடமும் படுகிற பாகங்களுக்கே மிச்சப் பணம். வண்டியோடு வந்த ஸ்டெம், அதாவது ஹேண்டிலைத் தாங்கும் குறுந்தண்டு, 100 மில்லிமீட்டர். 90க்கு மாற்றினேன், 900 ரூபாய். பழைய ரேஸ் வண்டியில் இருந்தது 110. பிரேமில் 24, ஸ்டெமில் 20, ஆக 44 மில்லிமீட்டர். கழுத்துக்கும் எனக்கும் நடந்த தகராறு முழுவதும் இந்த நான்கரை சென்டிமீட்டருக்குள்தான்.

சீட்டுக்கு ஒரு வேடிக்கை செய்தேன். பார்சல் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் படிக்கட்டில் போட்டு, அதன்மேல் முன்னால் குனிந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு இரண்டு குழிகளைப் பதிக்கும். என் குழிகளுக்கு இடையே 118 மில்லிமீட்டர். அதோடு 25 சேர்த்து, 143 அகலச் சீட்டாகத் தேடினேன். எழும்பி நிற்கும் பஞ்சுமெத்தைச் சீட்டு கடையில் அமுக்கிப் பார்க்கும்போது சுகமாகத்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எலும்பு அதில் புதைந்து, நடுவில் உள்ள சதை நசுங்குகிறது. நடுவே பள்ளம் விட்ட, கொஞ்சம் விறைப்பான சீட்டு எடுத்தேன், 2,400. திண்டு வைத்த அரைக்கால் சட்டை 2,200. அதற்குள் ஜட்டி போடக் கூடாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

விரல் மரத்தல் முழுதாகப் போகவில்லை. பழைய சைக்கிள் கடை அண்ணன் ஒருவர், அறுபது வயதிருக்கும், தூரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "சீட்டு மூக்கு தொங்குகிறது தம்பி, வழுக்கி வழுக்கிக் கையில் விழுகிறீர்கள்" என்றார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மூன்று பாகை சாய்வு. சமமாக்கியதும் விரல்கள் திரும்பி வந்தன. கூலி வாங்க மறுத்துவிட்டார், தேநீருக்கு மட்டும் சம்மதித்தார்.

பிறகு டயர். 25 மில்லிமீட்டரைக் கழற்றி 32 போட்டேன், ஜோடி 3,200. என் எடை 74 கிலோ. முன்பு 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தேன், இப்போது 60. சாலையின் முதுகெலும்பு என் முதுகெலும்பில் ஏறுவது நின்றது. இத்தனை செலவிலும் எதற்காவது மனதாரப் பணம் கொடுத்தேன் என்றால் இதற்குத்தான்.

ஆடி மாதம்

ஆசை விடவில்லை. முழங்கையை ஊன்றிப் படுத்து ஓட்ட, ரோடு ஹேண்டிலிலேயே மாட்டிக்கொள்ளும் ஏரோ கம்பி 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில், 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், டிரையத்லான்காரர்களின் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு 24.5 கிலோமீட்டரை ஓட்டி, லோரான் ஃபின்யோனை 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அது லெமாண்டுக்கு. எனக்கு இரண்டு ஞாயிறு. ரோடு சைக்கிளில் சீட்டு பின்னால் இருப்பதால், முழங்கையை ஊன்றியதும் உடம்பு மறுபடி நீண்டுகொண்டது. அதே கழுத்து, அதே வலி. போதாக்குறைக்குப் பக்கவாட்டில் ஆடிக்காற்று. கம்பி இப்போது பரணில்.

ஆகஸ்ட்

முதல் ஸ்பிரிண்ட் முடிந்தது. சைக்கிள் பகுதி 41 நிமிடம். என் வயதுப் பிரிவில் நடுவுக்குக் கீழே. ஆனால் இறங்கி ஓடத் தொடங்கியபோது இடுப்பு பிடித்துக்கொள்ளவில்லை. 5 கிலோமீட்டரில் ஒரு முறைகூட நடக்கவில்லை.

கணக்கு: சைக்கிளும் மாற்றிய பாகங்களும் சட்டையும் சேர்த்து 59,700. பிப்ரவரியின் நஷ்டம் 8,000. பரணில் கிடக்கும் கம்பி 2,500. மொத்தம் 70,200. அம்மாவிடம் முதல் எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மழையில் நனைந்து வந்ததிலிருந்து இடது பெடலை அழுத்தும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். பெடல் திருகைக் கிரீஸ் தடவி முடுக்கியிருக்கிறேன். நாளைக் காலையும் கேட்டால், வண்டியை அண்ணனிடம்தான் உருட்டிப்போக வேண்டும்.